சக்கரவர்த்தியின் முதுகு

ரங்கசாமி குளம் பக்கம், ஒரு பட்டுப்புடவைக் கடைக்கும் ஒரு காபித்தூள் கடைக்கும் நடுவில் நசுங்கினாற்போல இருக்கிறது மரியம்மாளின் பேனர் கடை. கடை சின்னது. ஆனால் அதற்குள் போன எவரும் சின்னவராகத் திரும்பியதில்லை. உள்ளே போகும்போது சட்டைப் பொத்தான் அறுந்த ஒரு சாதாரண மனிதர். வெளியே வரும்போது பதினைந்து அடி உயரத்தில் மாவீரர், மாமன்னர், வருங்காலமே என்று ஏதாவது ஒன்றாக ஆகியிருப்பார்.

மரியம்மாளின் மகள் திரிஷா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, கம்ப்யூட்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள், பேனர் வடிவமைக்கும் விமல்ராஜ் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விமல்ராஜ் எந்தப் பேனரையும் புதிதாகச் செய்ததே இல்லை. பழைய பேனரைத் திறப்பார். பழைய ஆளைத் தூக்குவார். புது ஆளை உட்கார வைப்பார். பெயரை மாற்றுவார். அவ்வளவுதான். அவரிடம் ஒரு தங்கச் சிம்மாசனம் இருந்தது. கைப்பிடியில் சிங்க முகம், சிவப்பு மெத்தை, பின்னால் தோகை விரித்த மயில். பிறந்தநாள் குழந்தைகள், காதுகுத்துப் பிள்ளைகள், கவுன்சிலர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அதில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

"புதுசா ஒண்ணு வரையக் கூடாதாண்ணா?" என்று திரிஷா ஒருமுறை கேட்டாள்.

"வரையலாம். ஆனா ஜனங்களுக்குப் பழகின படம் இருந்தாத்தான் மரியாதையே வருது. புதுசா எதுனா போட்டா, இன்னாபா இதுன்னு கேட்டுக்கினு நிப்பாங்க."

இந்த முறையில் சில ஆபத்துகளும் உண்டு. ஒருமுறை தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்கு, தெலுங்கே தெரியாத விமல்ராஜ், பழைய பத்திரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிட்டார். பெண்ணின் அப்பா அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஜாங்கிரி நல்லா சுத்தியிருக்க நைனா" என்றார்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு சாயங்காலம் ஆனந்தராஜ் வந்தார்.

ஆனந்தராஜுக்குத் தாமலில் நிலமும், ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. அவை போதவில்லை. ஆகவே 'நாணயச் செம்மல்' என்று ஒரு பட்டமும் வைத்திருந்தார். பட்டத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு நாணயச் சங்கம். அந்தச் சங்கத்தின் தலைவர் ஆனந்தராஜ். செயலாளரும் அவரே. பட்டம் யாருக்கு என்பதில் சங்கத்தில் கருத்து வேறுபாடே எழவில்லை.

திரிஷாவின் பள்ளியில் அவர் நாணயக் கண்காட்சி நடத்தப் போகிறார். அதற்குப் பேனர் வேண்டும். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் அவருடைய செப்புக் காசு. காசில் ஒரு தலை. சுருட்டை முடி, நீண்ட மூக்கு, முடியைச் சுற்றி ஒரு பட்டை.

"ரோமாபுரிச் சக்கரவர்த்தி. எங்க வீட்டு ஹால்லதான் இருக்காரு" என்றார், ஏதோ மாடிக்குக் குடிவந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

தன் முகத்தை மட்டும் கொஞ்சம் 'சரி' பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். விமல்ராஜுடையது கல்யாண மாப்பிள்ளைகளுக்குப் பரு நீக்கிப் பழகிய கை. இரட்டைத் தாடையை எடுத்தார். தொப்பையைக் குறைத்தார். தலையில் முடி நட்டார். முடித்தபோது, திரையில் இருந்தவர் ஆனந்தராஜின் மகன் என்றால் நம்பலாம், ஆனந்தராஜ் என்றால் நம்ப முடியாது.

அதே வேகத்தில் விமல்ராஜின் சுட்டி சக்கரவர்த்தியின் மூக்கை நோக்கிப் போனது. மூக்கின் குறுக்கே ஒரு கீறல் இருந்தது. காதுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். காசின் விளிம்பு ஓரிடத்தில் எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

"வேணாம்ணா, அதெல்லாம் அவருது. அப்படியே விடுங்க" என்றாள் திரிஷா.

விமல்ராஜ் விட்டுவிட்டார். வழக்கம்போல் சிம்மாசனத்தை எடுத்து ஆனந்தராஜை அதில் உட்கார வைத்தார். அச்சுக்குப் போகுமுன் திரிஷா இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். போன வாரம் ஓரிக்கையில் நடந்த காதுகுத்துப் பேனரிலிருந்த ஒரு வரி அழியாமல் தங்கிவிட்டது. சக்கரவர்த்தியின் தலைக்குக் கீழே 'அன்புத் தாய்மாமன்' என்று இருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள்.

கண்காட்சி அன்று பேனர் பள்ளி வாசலில் ஏறியது. கூடத்தில் நீள மேசைகள் போட்டு, கண்ணாடிப் பெட்டிகளில் காசுகள் வைத்திருந்தார்கள். நடு மேசையில் நிமிர்த்தி வைத்த மரச்சட்டத்துக்குள், நீல வெல்வெட் துணியில் ஒட்டப்பட்டு, சக்கரவர்த்தி தனியாக இருந்தார். ஃபோட்டோவில் பளபளப்பு அடிக்கிறது என்று சட்டத்தின் கண்ணாடியை ஆனந்தராஜே கழற்றிவிட்டார். சக்கரவர்த்தி ஜொலிக்கட்டும் என்று ஒரு மஞ்சள் விளக்கையும் அவர் மூக்குக்கு நேராக வைத்தார்.

அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திரிஷாவுக்கு. சமூக அறிவியல் எடுக்கும் சுகாசினி மிஸ்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்ட மற்றப் பிள்ளைகளிடம், திரிஷா கையில் எதைக் கொடுத்தாலும் கொடுத்தபடியே திரும்பி வரும் என்றார். திரிஷா அன்று காலை முழுவதும் கொஞ்சம் உயரமாகவே நின்றாள்.

ஆனந்தராஜ் மைக்கைப் பிடித்தார். ரோமாபுரியின் பெருமையில் தொடங்கி, தன் பெருமைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, காசுக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

ஆனந்தராஜ் ஒரு கணம் திகைத்தார். அந்தக் காசை வாங்கும்போதே அது வெல்வெட்டில் ஒட்டித்தான் இருந்தது. சட்டத்தின் அடியில் 'ரோமாபுரி' என்று எழுதியும் இருந்தது. அதற்குமேல் அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் நாணயச் செம்மல் தெரியாது என்று சொல்லலாமா?

"ராஜாவோட முதுகை யாரும் பார்க்கக் கூடாது தம்பி" என்றார் கம்பீரமாக.

பையன் உட்கார்ந்தான். ஆனந்தராஜ் இட்லி சாப்பிடத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

மஞ்சள் விளக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வெல்வெட் சூடேறியது. பழைய பசை இளகியது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி மெல்லச் சரிந்து, மேசையில் விழுந்து, உருண்டு, தரைக்குப் போய்விட்டார்.

திரிஷா பாய்ந்து மேசைக்கு அடியில் புகுந்து எடுத்தாள். காசு பத்திரமாகத்தான் இருந்தது. புரண்டு கிடந்ததால் சக்கரவர்த்தியின் முதுகு முதலில் தெரிந்தது. அங்கே படமே இல்லை. வரிவரியாக எழுத்து.

"ஏய், இது அரபிடி" என்றாள் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஷமீனா. அவள் சாயங்காலங்களில் பள்ளிவாசலுக்கு அரபி ஓதப் போகிறவள்.

அந்த நேரம் பார்த்து ஆனந்தராஜ் திரும்பி வந்தார். காலியான வெல்வெட்டைப் பார்த்தார். திரிஷாவின் உள்ளங்கையில் இருந்த காசைப் பார்த்தார். அரபி எழுத்தைப் பார்த்தார். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது.

"இது என் காசே இல்ல. எங்க என் சக்கரவர்த்தி? யாரு மாத்துனது?"

அது தானாகவே விழுந்தது, தான் எடுத்தேன் என்று திரிஷா சொன்னாள். அவர் கேட்கவில்லை. பேனர் கடையில் படத்தைப் பார்த்தபோதே இவள் கண் வைத்திருப்பாள், எங்கிருந்தோ ஒரு அரபிக் காசைக் கொண்டுவந்து மாற்றிவிட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

திரிஷாவுக்குக் காது சுட்டது. காலையில் யார் முன்னால் உயரமாக நின்றாளோ அதே பிள்ளைகள் இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கடைக்கு நாளை யார் வருவார்கள் என்ற நினைப்பு வேறு. சுகாசினி மிஸ் முன்னால் வந்து, இவள் அப்படிச் செய்கிற பெண் இல்லை என்றார். மிஸ் சொல்வது போதாது என்று திரிஷாவுக்குத் தோன்றியது. பையை எடுத்து மேசைமேல் தானே கவிழ்த்தாள். புத்தகம், ஜியோமெட்ரி பாக்ஸ், பாதி கடித்த கொய்யா. வேறு எதுவும் இல்லை.

"வேற எங்கயாவது ஒளிச்சி வச்சிருப்பா" என்றார் ஆனந்தராஜ்.

திரிஷா கையிலிருந்த காசைத் திருப்பினாள். சுருட்டை முடி. மூக்கின் குறுக்கே கீறல். அவளுக்கு முட்டிக்கொண்டு வந்த அழுகை நின்றுவிட்டது.

"ஐயா, கொஞ்சம் வாசலுக்கு வர்றீங்களா?"

கூட்டமே வாசலுக்கு வந்தது. பேனரில் சக்கரவர்த்தியின் தலை தண்ணீர்த்தொட்டி மூடியளவுக்கு இருந்தது. திரிஷா காசை ஆனந்தராஜின் கையில் கொடுத்தாள். முதலில் மூக்கைப் பார்க்கச் சொன்னாள். அங்கே கீறல், இங்கே கீறல். காதைப் பார்க்கச் சொன்னாள். அங்கே பள்ளம், இங்கே பள்ளம். விளிம்பில் எலி கடித்த இடமும் அதே இடத்தில் இருந்தது.

"இது உங்க காசுதான்யா. படத்துல நாங்க எதையும் மாத்தல."

ஆனந்தராஜ் பேனரையும் காசையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டாம் வகுப்புப் பையனின் குரல் கேட்டது.

"காசு அப்படியே இருக்குது மிஸ். ஐயாதான் பேனர்ல இருக்கற மாதிரி இல்ல."

தலைமையாசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வேறு பலருக்கும் வந்தது.

ஆனந்தராஜுக்கு இருமல் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முதுகில் அரபி எழுத்து இருக்கிறதென்றால், காசு போலி என்றுதானே அர்த்தம்? தாமலிலிருந்து சென்னை வரை எத்தனை பேரிடம் பெருமை அடித்தாயிற்று. பேனரைக் கழற்றிவிடச் சொன்னார். காலையில் தூசி தட்டித் தட்டி நடந்தவரின் ஜரிகைவேட்டி இப்போது மண்ணில் புரண்டது. அவர் கவனிக்கவில்லை.

திரிஷாவின் வேலை முடிந்துவிட்டது. அவள் பெயர் சுத்தமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மண்ணில் புரளும் அந்த வேட்டியைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் போக முடியவில்லை.

காசைக் கேட்டு வாங்கி, ஷமீனாவிடம் நீட்டினாள். படிக்க முடிகிறதா என்று கேட்டாள்.

ஷமீனா கண்ணைச் சுருக்கினாள். "நிறைய தேஞ்சிருக்குதுடி. இது மட்டும் தெரியுது. அல் மலிக். ராஜான்னு அர்த்தம்."

திரிஷா மறுபடி தலைப்பக்கத்தைத் திருப்பினாள். தலையைச் சுற்றி ஏதோ எழுத்துப் போல நெளிநெளியாக இருந்தது. அரபி இல்லை. இங்கிலீஷும் இல்லை. எங்கேயோ பார்த்த நெளிவு. யாருக்கோ தெரியாத எழுத்தை, யாரோ பார்த்துப் பார்த்து வரைந்த நெளிவு.

"ஜாங்கிரி" என்றாள் திரிஷா.

"பசிக்குதா?" என்றாள் ஷமீனா.

திரிஷா வாசற்படியில் ஆனந்தராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, பேனர்ல நீங்க உக்காந்துக்கினு இருக்கீங்களே, அந்தச் சிம்மாசனம் யாருது?"

"என்னுது... என் பேனர்தானே" என்றார் அவர்.

"போன வாரம் அதுல ஓரிக்கையில ஒரு பாப்பா உக்காந்துச்சி. காதுகுத்துக்கு. அதுக்கு முன்னால ஒரு கவுன்சிலர்."

ஆனந்தராஜ் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் பலருக்கு இருமல் வந்தது.

"எங்க கடையில அப்படித்தான்யா. படம் பழசு, பேரு மட்டும் புதுசு. பழகின படம் இருந்தாத்தான் ஜனங்க மதிப்பாங்கன்னு விமல்ராஜ் அண்ணன் சொல்லுவாரு. அதுக்காக உங்க பேனர் போலியா? பேரு உங்களுதுதானே."

திரிஷா காசைக் காட்டினாள்.

"இந்தக் காசு அடிச்ச ராஜா, அரபி எழுதத் தெரிஞ்ச ராஜா. அவரும் பழைய காசு எதையோ பார்த்துப் படத்தைப் போட்டுக்கினு, பின்னாடி தன் பேரைப் போட்டிருப்பாரு. சுத்தியிருக்கற எழுத்து இன்னான்னு தெரியாம, செஞ்சவரு அப்படியே வரைஞ்சிருப்பாரு. அப்படி இருக்கலாம் இல்ல, மிஸ்?"

சுகாசினி மிஸ் ஏற்கெனவே கைப்பேசியை எடுத்துத் தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் படித்தார். புருவம் உயர்ந்தது. படியில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அப்படித்தான் என்றார். சுமார் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னால், இப்போது துருக்கியும் சிரியாவும் இருக்கிற பக்கத்தில் சில முஸ்லிம் ராஜாக்கள் இருந்தார்கள். செப்புக் காசுகளில் பழைய கிரேக்க, ரோமானியத் தலைகளையும், பைசாந்தியம் என்ற கிறிஸ்தவப் பேரரசின் காசுகளில் இருந்த உருவங்களையும் எடுத்துப் போட்டு, அரபியில் தங்கள் பெயரை எழுதினார்கள். பெரிய பெரிய அருங்காட்சியகங்களில் அந்தக் காசுகள் இருக்கின்றன. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. திரிஷா சொல்வதையும் சிலர் சொல்கிறார்கள்.

கைப்பேசியை எட்டிப் பார்த்த ஷமீனா, "மிஸ், உங்க புடவை" என்றாள். திரையில் இன்னொரு காசு. அதில் இரண்டு தலையுள்ள ஒரு பறவை. மிஸ் கட்டியிருந்த பட்டின் கரையிலும் இருதலைப்பட்சி வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரைப் பார்த்துப் போட்டார்கள், அல்லது பார்க்காமலே போட்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. மிஸ் முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இது போலி இல்ல?" என்றார் ஆனந்தராஜ்.

"நேர்ல பார்த்துதான் சொல்லணும்னு போட்டிருக்காங்க. ஆனா எழுத்து அரபிங்கறதால மட்டும் போலின்னு ஆயிடாது" என்றார் மிஸ்.

ஆனந்தராஜ் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். நேராக மைக்குக்குப் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சற்று முன்பு இவ்விடத்தில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது என்று அறிவித்தார். மழை பெய்துவிட்டது என்பதுபோல அது இருந்தது. தவறு எங்கிருந்து வந்தது, யார்மேல் விழுந்தது என்று சொல்லவில்லை.

திரிஷா மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கவிழ்த்த பை இன்னும் கவிழ்ந்தே கிடந்தது.

ஆனந்தராஜ் அந்தப் பையைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைத்தார். வந்து, உருண்டு கிடந்த பென்சிலையும் புத்தகத்தையும் தன் கையாலேயே பைக்குள் எடுத்து வைத்தார். கொய்யாவை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அதையும் போட்டார்.

"நான்தாம்மா தப்பு பண்ணேன். உன்னைப் போய்ச் சொல்லிட்டேன்" என்றார். மைக் இல்லாமல் சொன்னதால் கூடம் முழுவதும் நன்றாகக் கேட்டது.

"பரவால்லய்யா" என்றாள் திரிஷா. "ஆனா அந்த லைட்டை எடுத்துடுங்க."

அன்று மத்தியானம் சக்கரவர்த்தி வெல்வெட்டுக்குத் திரும்பவில்லை. திரிஷா காசின் விளிம்பை ஒரு கிளிப்பில் மெல்லப் பிடித்து நிற்க வைத்தாள். பின்னால் சுகாசினி மிஸ்ஸின் கைப்பைக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். முன்னால் நின்றால் முகம் தெரியும், கண்ணாடிக்குள் முதுகு தெரியும். வரிசையில் முதலில் நிறுத்தப்பட்டவன் அந்த இரண்டாம் வகுப்புப் பையன். நிறுத்தியவர் ஆனந்தராஜ். எட்டவில்லை என்று அவனைத் தூக்கியும் காட்டினார்.

மறுவாரம் அவர் கடைக்கு வந்தார். இந்த முறை காசின் இரண்டு பக்கமும் பேனரில் வர வேண்டும் என்றார். முகத்தை எப்படிப் போடுவது என்று விமல்ராஜ் கேட்டார்.

"இருக்கறபடியே போடுப்பா. பசங்க அடையாளம் கண்டுபிடிக்கணும் இல்ல."

"சிம்மாசனத்தை எடுத்துடட்டுமா?" என்றாள் திரிஷா.

ஆனந்தராஜ் திரையைப் பார்த்தார். சிங்கக் கைப்பிடி, சிவப்பு மெத்தை, மயில். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அது மட்டும் இருக்கட்டும்மா" என்றார்.

இருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு அதே சிம்மாசனம் மாகறலில் ஒரு கல்யாணத்துக்குப் போனது. மாப்பிள்ளை அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். போலி என்று ஒருவரும் சொல்லவில்லை.